மூன்று அறைகளும் ஆறு கொத்தளங்களும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றின் வலது கரையில், பீட்டர் பால் கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. அந்தக் கட்டடம் ஒரு மேலுறை மட்டுமே. அதற்குள் பைன் மரத்தடிகளால் ஆன சிறிய வீடு ஒன்று முழுதாக நிற்கிறது. 1703-ஆம் ஆண்டு மே மாதம் கட்டப்பட்ட அந்த வீடுதான் இன்று அந்நகரில் எஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது. கோட்டையையும் அதைத் தொட்டு எழுந்த நகரத்தையும் நிறுவிய ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் அங்கே தங்கியிருந்தார். இப்போது அது அவருடைய நினைவு இல்லம்.

பீட்டருக்குப் பின்னாளில் அரண்மனைகள் பல இருந்தன. அவற்றில் சில இடிக்கப்பட்டன, சில அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிக் கட்டப்பட்டன. போர்க்காலத்தில் அவசரமாக எழுப்பிய மரவீடு மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்டு வந்திருக்கிறது. காத்தவர்கள் யார்? எதற்காகக் காத்தார்கள்? அப்படிக் காத்ததில் எந்த நினைவு தங்கியது, எது வெளியே விடப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வீட்டையும் கோட்டையையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

போர்முனையில் ஒரு வீடு

1617-இல் கையெழுத்தான ஸ்டோல்போவோ உடன்படிக்கையோடு நேவா ஆற்றுப் பகுதி ஸ்வீடன் வசம் போனது. பால்டிக் கடலுக்கு ரஷ்யாவுக்கு இருந்த வழியும் அடைபட்டது. அந்த வழியை மீட்கவே 1700-இல் பீட்டர் ஸ்வீடனோடு போர் தொடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் நார்வாவில் அவருடைய படை படுதோல்வி அடைந்தது. அடுத்த ஆண்டுகளில் படையைத் திருத்தி அமைத்துக்கொண்டு மீண்டும் வந்தார். 1702 அக்டோபரில் நேவா தொடங்குமிடத்தில் இருந்த நோட்டெபோர்க் கோட்டை வீழ்ந்தது. 1703 மே 1 அன்று ஓஹ்தா சிற்றாறு நேவாவில் கலக்கும் இடத்திலிருந்த நியென்ஷான்ஸ் கோட்டை சரணடைந்தது. சில நாட்களில் ஆற்றுமுகத்தில் இரண்டு ஸ்வீடிஷ் கப்பல்கள் பிடிபட்டன. படகுகளில் போய் அவற்றைத் தாக்கிய வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் பீட்டரும் ஒருவர். அப்போது அவர் வகித்த பதவி, வெடிகுண்டு பீரங்கிப் படையின் கேப்டன்.

மே 16 அன்று, இன்றைய நாட்காட்டிப்படி மே 27-இல், ஆற்றின் நடுவே இருந்த முயல் தீவில் புதிய கோட்டைக்கு அடித்தளம் இடப்பட்டது. பீட்டர் தரையைத் தோண்டியதாகவும் அவர் தலைக்கு மேலே கழுகு வட்டமிட்டதாகவும் பிற்காலத்தில் கதை எழுந்தது. அந்த நாளில் பீட்டர் அந்தத் தீவிலேயே இல்லை, லடோகா ஏரிப் பக்கம் போயிருந்தார் என்று சமகாலக் குறிப்புகளைக் காட்டி வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். ஆளில்லாச் சதுப்பில் ஒரு மனிதர் நகரத்தை வரவழைத்தார் என்பதும் இதே வகைக் கதைதான். நியென்ஷான்ஸ் கோட்டையின் எதிரே நியென் என்ற வணிக ஊர் பல பத்தாண்டுகளாக இருந்தது. நேவாவின் கரைகளில் மீனவரும் உழவரும் வாழ்ந்தார்கள். நிறுவனர்களைப் பற்றிய கதைகள் அவர்களுக்கு முன்னால் இருந்தவற்றைத் துடைத்துவிட்டே தொடங்குகின்றன.

கோட்டை வேலை தொடங்கிச் சில நாட்களில், மே 24 முதல் 26 வரை மூன்றே நாட்களில், ஸெம்யோனோவ்ஸ்கி படைப்பிரிவைச் சேர்ந்த தச்சர்கள் பீட்டருக்கு இந்த வீட்டைக் கட்டி முடித்தார்கள் என்பது மரபான செய்தி. பக்கத்துத் தீவின் கரையோரம், கோட்டை வேலையும் ஆற்றுப் போக்குவரத்தும் கண்ணில் படும்படி இடம் பார்க்கப்பட்டிருந்தது. 1708 வரை கோடைக் காலங்களில் பீட்டர் பீட்டர்ஸ்பர்க் வந்தபோது இங்கே தங்கினார். வீட்டில் அடுப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. குளிர்காலத்துக்காகக் கட்டிய வீடல்ல இது.

செங்கல் வேடமிட்ட மரம்

வீட்டின் பரப்பு ஏறத்தாழ 60 சதுர மீட்டர். நுழைவுக்கூடத்தைக் கடந்தால் அலுவல் அறை, உணவு அறை, படுக்கை அறை என்று மூன்றே அறைகள். கூரைத்தளத்தின் உயரம் இரண்டரை மீட்டர் அளவுதான். பீட்டர் இரண்டு மீட்டருக்கும் கூடுதலான உயரம் கொண்டவர். அலுவல் அறையில் அவர் நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேலே அரை மீட்டர்கூட எஞ்சியிருக்காது.

எளிமை என்ற சொல்லோடு பெரும்பாலான பார்வையாளர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வீட்டின் வெளிச்சுவரை உற்றுப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. மரத்தடிகளைச் செதுக்கிச் சமப்படுத்தி, அவற்றின் மேல் எண்ணெய் வண்ணத்தால் செங்கல் வரிசைகளைத் தீட்டியிருக்கிறார்கள். கூரையில் வேய்ந்த மரச்சில்லுகள் ஓடுபோலத் தோன்றும்படி அமைக்கப்பட்டன. ரஷ்யக் குடியானவர் வீட்டில் காணமுடியாத அகலமான ஜன்னல்கள், சிறுசிறு கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்துச் செய்யப்பட்டவை. கட்டுமானமுறை ரஷ்யத் தச்சருடையது, தோற்றமோ டச்சு நாட்டுச் செங்கல் வீட்டினுடையது. கூரையின் முகட்டில் மரத்தில் செதுக்கிய குட்டைப் பீரங்கியும் எரியும் குண்டுகளும் வைக்கப்பட்டிருந்தன. பீரங்கிப்படை கேப்டனின் வீடு இது என்பதற்கு அடையாளம் அது.

ஆகவே இந்த வீட்டை எளிமை என்று மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பு. மரத்தைத் தவிர வேறெதுவும் உடனடியாகக் கிடைக்காத இடத்தில், வரப்போகும் செங்கல் நகரத்தின் மாதிரியை வண்ணத்தால் தீட்டிவைத்திருக்கிறார்கள். இங்கே வசிப்பவர் அரசர் என்பதைச் சொல்லாமல், அவர் தன் உழைப்பால் பெற்ற படைப்பதவியைக் கூரைமேல் ஏற்றி அறிவித்திருக்கிறார்கள். எளிமையும் அங்கே ஓர் அறிவிப்பாகத்தான் இருந்தது. உண்மையான எளிமை அதில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பீட்டர் ஆடம்பரமான அறைகளை விரும்பாதவர், கைத்தொழிலை உண்மையாகவே நேசித்தவர். ஆனால் அரசர் ஒருவர் எளிமையாக வாழும்போது அந்த எளிமையும் ஆட்சியின் கருவிகளில் ஒன்றாகிவிடுகிறது.

வீட்டின் முதல் காப்பாளர்

நினைவு இல்லங்கள் பொதுவாக நிறுவனர் இறந்த பின்னரே உருவாகின்றன. இந்த வீடு அதற்கு விலக்கு. 1723-இல், தான் உயிரோடு இருக்கும்போதே, வீட்டைச் சுற்றிக் கூரையோடு கூடிய பாதுகாப்பு மண்டபம் ஒன்றை எழுப்பும்படி பீட்டர் கட்டடக் கலைஞர் டொமெனிக்கோ ட்ரெஸ்ஸினியிடம் சொன்னார். கோட்டையைக் கல்லில் கட்டியவரும் அதே ட்ரெஸ்ஸினிதான்.

அந்த ஆண்டு முக்கியமானது. 1721-இல் நிஸ்டாட் உடன்படிக்கையோடு, ஸ்வீடனுக்கு எதிரான அந்த வடக்குப் பெரும்போர் ரஷ்யாவின் வெற்றியில் முடிந்தது. பீட்டர் பேரரசர் பட்டம் ஏற்றார். 1723-இல் நகரத்துக்கு இருபது வயது. அதே ஆண்டில், பீட்டர் இளம்வயதில் மாஸ்கோவுக்கு அருகே இஸ்மாயிலோவோவில் கண்டெடுத்துப் படகோட்டப் பழகிய சிறு பாய்மரப் படகும் பீட்டர்ஸ்பர்க் கொண்டுவரப்பட்டது. பால்டிக் கடற்படைக் கப்பல்கள் அணிவகுத்து அதற்கு மரியாதை செய்தன. ரஷ்யக் கடற்படையின் பாட்டனார் என்று பெயர் சூட்டப்பட்டுக் கோட்டைக்குள் அது பாதுகாக்கப்பட்டது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1714-இல், ரஷ்யாவின் முதல் பொது அருங்காட்சியகமான குன்ஸ்ட்காமராவைத் தொடங்கியவரும் பீட்டரே.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஒரு படகு, ஒரு வீடு, இரண்டையும் ஒரே ஆண்டில் தேர்ந்தெடுத்து, இவைதான் தொடக்கம் என்று அடையாளமிட்டார் பீட்டர். சிறிய படகிலிருந்து பெரிய கடற்படை, சிறிய வீட்டிலிருந்து பெரிய நகரம். வரலாற்றை இந்த வரிசையில்தான் வாசிக்க வேண்டும் என்று அவரே வகுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். தொடக்கம் எவ்வளவு சிறிதோ, தொடங்கியவர் அவ்வளவு பெரியவராகத் தெரிவார். இடையில் கைகொடுத்தவர்கள் அந்த வரிசையில் எங்கும் வருவதில்லை. வீட்டில் இருந்தவரே வீட்டின் முதல் காப்பாளராகவும் இருந்தார் என்பதை மறந்துவிட்டு அந்த மூன்று அறைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

உறைமேல் உறை

பீட்டர் 1725-இல் இறந்தார். அவர் மகள் எலிசபெத்தின் ஆட்சியில், 1742-இல், வீட்டுக்குள் ஒரு வழிபாட்டு அறை அமைந்தது. பீட்டர் போர்க்களங்களுக்கும் எடுத்துச் சென்றதாக நம்பப்பட்ட இயேசுவின் திருவுருவப் படம் அங்கே வைக்கப்பட்டது. நகரத்து மக்கள் மெழுகுவர்த்தி ஏற்ற வரத் தொடங்கினார்கள். கேப்டனின் வீடு புனித இடமாயிற்று. ஜெர்மனியில் பிறந்து ரஷ்ய அரியணை ஏறிய இரண்டாம் கேத்தரின், தன்னைப் பீட்டரின் வாரிசாக நிலைநாட்டுவதில் கருத்தாக இருந்தார். 1782-இல் குதிரைமேல் அமர்ந்த பீட்டரின் வெண்கலச் சிலையைத் திறந்துவைத்து, அதன் பீடத்தில் பீட்டரின் பெயரோடு தன் பெயரையும் பொறிக்கச் செய்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1784-இல், மரவீட்டுக்குக் கல்லில் மேலுறை எழுப்பினார். இன்று நாம் காணும் செங்கல் மேலுறை முதலாம் நிக்கொலாயின் காலத்தது. கட்டடக் கலைஞர் ரோமன் குஸ்மினின் வடிவமைப்பில் 1844-இல் அது எழுந்தது. 1875-இல் வீட்டுக்கு முன்னால் பீட்டரின் வெண்கல மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது.

கட்டடப் பாதுகாப்பு என்ற கோணத்தில் இந்த உறைகளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பனியும் மழையும் ஆற்று வெள்ளமும் மாறிமாறித் தாக்கும் கரையில் பைன் மரம் தானாக முந்நூறு ஆண்டு நின்றிருக்காது. 1824-இல் வந்த வெள்ளத்தில் நேவா நான்கு மீட்டருக்கும் மேலே ஏறியது. அதே சமயம் உறைக்கு ஒரு விலையும் உண்டு. ஆற்றையும் கோட்டை வேலையையும் பார்த்துக்கொண்டிருப்பதற்காகக் கட்டிய வீட்டின் ஜன்னல்கள் இன்று இன்னொரு சுவரைத்தான் பார்க்கின்றன. வீடு எந்த நிலத்தில் எதற்காக நின்றதோ அந்த உறவு அறுந்து, கண்காட்சிப் பேழையில் வைத்த பொருளாக அது ஆகிவிட்டது. கோட்டையைக் காண முடியாத வீட்டில் கோட்டையை நிறுவியவரைக் காட்டுகிறோம்.

சோவியத் ஆட்சியில், 1930-இல், வழிபாட்டு அறை அகற்றப்பட்டு வீடு அருங்காட்சியகமானது. இரண்டாம் உலகப் போரில் நகரம் 872 நாட்கள் முற்றுகையில் சிக்கியது. விமானங்களின் கண்ணுக்குத் தப்ப வீடு மறைப்பிடப்பட்டது. முற்றுகை நீங்கிய 1944-இலேயே, நகரத்தின் அருங்காட்சியகங்களில் முதல் வரிசையில், இது மீண்டும் கதவைத் திறந்தது. பசியால் லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த ஒரு நகரம் தன் தொடக்கத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பியது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். 2004 முதல் வீடு ரஷ்ய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பீட்டரின் உடை, கைத்தடி, புகைக்குழாய், அவர் கையின் வார்ப்பு, அவர் தாமே கட்டியதாகச் சொல்லப்படும் படகு ஆகியவை அங்கே காட்சிக்கு உள்ளன.

ஆட்சிகள் மாறின, கொள்கைகள் மாறின, வீடு மட்டும் மாறவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. மாறாதது மரம்தான். வீட்டின் பொருள் ஒவ்வொரு ஆட்சியிலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எலிசபெத்துக்குத் தந்தையின் புனிதம் வேண்டியிருந்தது, கேத்தரினுக்கு வாரிசுரிமை, நிக்கொலாய்க்குக் கட்டளையிடும் பேரரசர், சோவியத் அரசுக்குத் தொழிலாளியைப் போலக் கருவி பிடித்த அரசர். அந்த மாற்றங்களின் பதிவேடு உள்ளே இருக்கும் வீட்டில் இல்லை, அதைச் சுற்றி எழுந்த உறைகளில் இருக்கிறது.

இன்னும் இரண்டு வீடுகள்

பீட்டரின் மரவீடு இது ஒன்று மட்டுமல்ல. நெதர்லாந்தில் ஸான்டம் ஊரில் 1632-இல் கட்டிய ஒரு தொழிலாளியின் மரவீடு இருக்கிறது. 1697 ஆகஸ்டில் கப்பல் கட்டும் தொழில் கற்க மாறுபெயரில் வந்த பீட்டர், ஹெரிட் கிஸ்ட் என்ற கொல்லரின் அந்த வீட்டில் எட்டு நாட்கள் தங்கினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டதால் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் தச்சராக வேலை பார்த்தார். அன்று பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான் அது. எட்டே நாள் தங்கிய அந்த வீட்டுக்கும் 1895-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கொலாயின் ஏற்பாட்டில் செங்கல் மேலுறை எழுந்தது. இன்று அதுவும் அருங்காட்சியகம்.

இரண்டாவது வீடு இன்னும் நெருக்கமான ஒப்பீட்டைத் தருகிறது. ஆர்க்கான்கெல்ஸ்க் துறைமுகத்தைக் காக்க 1701-இல் நோவோத்வின்ஸ்க் கோட்டையின் வேலை தொடங்கியது. 1702 கோடையில் அதை மேற்பார்வையிட வந்த பீட்டருக்காக வடக்கு திவினா ஆற்றின் மார்க்கோவ் தீவில் ஒரு மரவீடு கட்டினார்கள். 1877-இல் அது ஆர்க்கான்கெல்ஸ்க் நகருக்கு மாற்றப்பட்டது. 1934-இல், பழைய மரக் கட்டடங்களைக் காப்பதில் முனைந்திருந்த பியோத்தர் பரனோவ்ஸ்கியின் முயற்சியால், பிரித்தெடுக்கப்பட்டு மாஸ்கோவின் கொலோமென்ஸ்கோயே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தது. வீடு பிழைத்தது. ஆனால் எந்தக் கோட்டைக்காக அது கட்டப்பட்டதோ அந்தக் கோட்டைக்கும் அதற்கும் இடையே இப்போது ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். பார்ப்பவருக்கு அது பீட்டரின் வீடாக மட்டுமே தெரிகிறது. ஒரு வேலைத்தளத்தின் வீடாக அது இருந்தது என்பது விளக்கப் பலகையோடு நின்றுவிடுகிறது.

இந்த வகையில் பீட்டர்ஸ்பர்க் வீடு பேறு பெற்றது. அதன் கோட்டை இன்றும் அருகிலேயே நிற்கிறது. அதனால் இங்கே மட்டும் இரண்டையும் ஒன்றாகப் படிக்க வழியிருக்கிறது.

கோட்டையின் கணக்கு

முதல் கோட்டை மண்ணாலும் மரத்தாலும் ஆனது. 1703 இலையுதிர் காலத்துக்குள்ளேயே அது பெரும்பாலும் எழுந்துவிட்டது. 1706-இலிருந்து ட்ரெஸ்ஸினி தலைமையில் மண் கொத்தளங்களின் இடத்தில் கல்லும் செங்கல்லும் ஏறின. அந்த வேலை 1740 வரை நீண்டது. கொத்தளங்கள் மொத்தம் ஆறு. ஒன்றுக்கு அரசரின் பெயர். மற்ற ஐந்துக்கும் வேலையை மேற்பார்வையிட்ட அவருடைய நெருங்கிய துணைவர்களான மென்ஷிகோவ், கொலோவ்கின், ஸோட்டோவ், த்ருபெட்ஸ்கோய், நரிஷ்கின் ஆகியோரின் பெயர்கள். மேற்பார்த்தவர்களின் பெயர்கள் முந்நூறு ஆண்டுகளாகச் சுவரில் நிற்கின்றன.

மண் சுமந்தவர்கள் வீரர்கள், சுற்றுவட்டார உழவர்கள், ஸ்வீடிஷ் போர்க் கைதிகள். 1704 முதல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆண்டுக்கு 40,000 பேரை முறைவைத்து அனுப்பும்படி ஆணைகள் போயின. வந்து சேர்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. வழியிலேயே தப்பியோடியவர்கள் பலர், வழியில் இறந்தவர்களும் உண்டு. கருவிகள் போதாமல் உடுத்திய துணியில் மண்ணை அள்ளிச் சுமந்தார்கள் என்று அக்கால வெளிநாட்டார் எழுதினார்கள். ஹனோவர் நாட்டுப் பிரதிநிதி ஃபிரடரிக் கிறிஸ்டியன் வெபர் போன்றவர்கள் இறந்தோர் எண்ணிக்கையை ஒரு லட்சத்தை ஒட்டிச் சொன்னார்கள். அது மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். எண்ணிக்கை எதுவானாலும் குளிரும் ஈரமும் வயிற்றுப்போக்கும் அரைவயிற்று உணவும் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அண்மை ஆண்டுகளில் பீட்டரின் வீடு இருக்கும் அதே பெட்ரோகிராட் தீவில், சித்னின்ஸ்கயா தெருவில், நகரத்தின் முதல் கட்டுமானக் காலத்தைச் சேர்ந்த கூட்டுப் புதைகுழிகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஏட்டில் பெயர் ஏறாத அந்த மனிதர்கள் இப்போது எலும்புகளாகச் சான்று சொல்கிறார்கள்.

எந்த எதிரிக்காகக் கட்டினார்களோ அந்த எதிரி கோட்டையை ஒருமுறைகூடத் தாக்கவில்லை. 1709-இல் பொல்தாவா போரில் ஸ்வீடன் தோற்ற பின் ஆபத்து விலகிப்போனது. கோட்டை சிறையாயிற்று. பீட்டரின் சொந்த மகன் அலெக்ஸெய் 1718-இல் விசாரணையும் சித்திரவதையும் முடிந்து, மரண தண்டனை விதிக்கப்பட்ட நிலையில் அங்கேதான் இறந்தார். 1849-இல் எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி அங்கே அடைபட்டுக் கிடந்தார். புரட்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாக த்ருபெட்ஸ்கோய் கொத்தளத்தின் அறைகளில் காலம் கழித்தார்கள். புரட்சிக்குப் பின் பழைய ஆட்சியின் அமைச்சர்கள் அதே அறைகளுக்கு வந்தார்கள். 1924-இல் அந்தச் சிறை அருங்காட்சியகமானது. பீட்டரும் அதே கோட்டையின் தேவாலயத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

பிரிந்து கிடக்கும் இரண்டு கதைகள்

வீடு ரஷ்ய அருங்காட்சியகத்தின் கிளை. கோட்டை நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பு. நிர்வாகத்துக்கு இது வசதியான ஏற்பாடாக இருக்கலாம். வரலாற்றுக்கு இது நட்டம். வீட்டுக்குப் போகிறவர் கைத்தடியையும் புகைக்குழாயையும் பார்த்துவிட்டு, பேரரசர் இவ்வளவு சிறிய அறையில் வாழ்ந்தாரே என்ற வியப்போடு திரும்புகிறார். கோட்டைக்குப் போகிறவர் சிறை அறைகளைப் பார்த்து மனம் கனத்துத் திரும்புகிறார். முதலாமவர் பார்த்த எளிமைக்கும் இரண்டாமவர் பார்த்த கொடுமைக்கும் நடுவே இருக்கும் உறவை இருவருக்கும் யாரும் சொல்வதில்லை. அந்த உறவு ஒரே மனிதரின் மன உறுதியில் இருக்கிறது. தன் வசதியைத் தூக்கி எறிந்துவிட்டு வேலைத்தளத்தின் நடுவே வந்து தங்கிய உறுதியும், பிறர் உயிரைக் கணக்கில் கொள்ளாமல் வேலையை நடத்திய உறுதியும் வெவ்வேறல்ல. தன்னிடம் அவர் கேட்ட கடுமையை எல்லோரிடமும் கேட்டார். தன்னிடம் கேட்கும்போது அது எளிமை. மறுக்க வழியற்ற உழவரிடம் கேட்கும்போது அது மரணம்.

நிறுவனரின் நினைவு இல்லம் பொய் சொல்வதில்லை, உண்மையின் ஒரு பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மற்றப் பாதியை அருகே வைக்கும் பொறுப்பு இன்றைய காப்பாளர்களுக்கு உண்டு. அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். வீட்டைக் கட்டிய படைவீரத் தச்சர்களைப் பற்றி, ஆண்டுதோறும் நாற்பதாயிரம் பேரைக் கேட்டுப் போன ஆணைகளைப் பற்றி, அதே தீவின் மண்ணிலிருந்து வெளிவந்த புதைகுழிகளைப் பற்றி, அந்த மூன்று அறைகளுக்கு வெளியே உறைக்கட்டடத்தின் நடைவழியிலேயே சொல்ல இடமிருக்கிறது. அப்படிச் சொல்வதால் பீட்டர் சிறுத்துவிடமாட்டார். ஒரு கோட்டையை எத்தனை கைகள் நிறுவின என்பதை அறிந்து பார்க்கிறவர்களுக்கே அதை நினைத்தவரின் ஆற்றலும் அதன் விலையும் ஒருசேரப் புரியும்.